பனிக்காலத்துப் பகானும் ஒரு தமிழ்க் கல்லும்

டிசம்பர், ஜனவரியில் டோபி காட் எம்ஆர்டி வாசலில் குடையில்லாமல் நிற்க முடியாது. வடகிழக்குப் பருவமழை சிங்கப்பூரை நனைத்துக்கொண்டிருக்கும். அதே நாட்களில் மியன்மாரின் பகானில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மேற்கே ரக்கைன் மலைத்தொடர் பருவக்காற்றின் ஈரத்தை மறித்துவிடுவதால் அந்த ஐராவதி ஆற்றங்கரை எப்போதுமே வறண்ட நிலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழையும் இல்லை, வெயிலின் உக்கிரமும் இல்லை. 2020 ஜனவரியில் நாங்கள் நால்வர் கிளம்பியதும் இதை நம்பித்தான்.

பருவம் ஏமாற்றவில்லை. திட்டம்தான் ஏமாற்றியது.

பகானில் இன்றும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களும் தூபிகளும் நிற்கின்றன. பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்த செங்கல் கட்டடங்கள். இரண்டே நாளில் நாற்பதைப் பார்த்துவிடலாம் என்று பட்டியல் போட்டிருந்தோம். முதல் நாள் மதியத்துக்குள் எல்லாச் செங்கல்லும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டன. எந்தக் கோயிலில் எந்தப் புத்தரைப் பார்த்தோம் என்பதே குழம்பிப்போனது. அன்று மாலை பட்டியலை மடித்து வைத்துவிட்டோம். மறுநாள் நான்கே இடங்கள்.

அவற்றில் முதலாவதைத் தேர்ந்தெடுக்க உதவியது ஒரு தமிழ்க் கல்வெட்டு. பர்மா என்றால் சிங்கப்பூர்த் தமிழருக்கு நினைவு வருவது ரங்கூன், நெல், நகரத்தாரின் வட்டிக்கடை, 1942இல் மக்கள் கால்நடையாகத் திரும்பிய கதை. டோபி காட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், நகரத்தார் 1859இல் கட்டியது. பர்மாவில் தொழில் செய்தவர்களும் அதே சமூகத்தார். ஆனால் தமிழின் பர்மியத் தொடர்பு அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. பகானுக்குத் தெற்கே மியின்கபா பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, தொடக்கத்தில் ஒரு வடமொழிச் செய்யுளும் தொடர்ந்து தமிழ் உரைநடையும் கொண்டது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், ‘நானாதேசி விண்ணகர்’ என்ற கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததை அது சொல்கிறது. மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். நானாதேசி என்பது பல நாட்டு வணிகர் குழுவின் பெயர். கடல் கடந்து, பிறகு ஐராவதியில் எதிர்நீச்சலாக மேலேறி வந்த வணிகர்கள் தங்கள் பெருமாளுக்கு அங்கே ஒரு கோயில் வைத்திருந்தார்கள்.

பழைய பகான் மதிலுக்குள், தத்பின்யூ கோயிலுக்கு அருகே, நதலாங் சாவுங் என்ற சிறிய விஷ்ணு கோயில் இன்னும் நிற்கிறது. கல்வெட்டு சொல்லும் கோயில் இதுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்; கல் கிடைத்தது வேறிடத்தில். ஆனால் அந்தக் கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கு நடுத்தூணைச் சுற்றிய திருமால் உருவங்கள் அந்நியமாகத் தெரியாது. நாங்கள் அங்கே ஒன்றரை மணி நேரம் இருந்தோம். மொத்தப் பயணத்திலும் தெளிவாக நினைவில் நிற்பது அதுதான்.

அடுத்தது ஆனந்தா. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சித்தா மன்னர் கட்டியது. நாலு திசைக்கும் ஒவ்வொரு நின்ற புத்தர். தெற்குப் புத்தரின் முகம் அருகே போனால் ஒரு பாவம், தள்ளி நின்றால் புன்னகை. இதைக் காண முன்னும் பின்னும் நடக்க நேரம் வேண்டும். பர்மிய மாதமான பியாதோவின் பௌர்ணமியையொட்டி, டிசம்பர் அல்லது ஜனவரியில், இங்கே திருவிழா நடக்கும். நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பயணச்சீட்டு எடுக்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

உடை விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர் தவறுவது சுலபம். விடியற்காலையில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர், மதியம் 30ஐத் தொடும் வெயிலாக மாறும். கழற்றி மாட்ட ஒரு கம்பளிச்சட்டை போதும். செருப்பை வாசலில் விடுவது நமக்குப் பழக்கம். அங்கே காலுறையும் கழற்ற வேண்டும். காலைச் செங்கல் சில்லிடும், மதியம் சுடும். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

டார்ச் கட்டாயம் வேண்டும். சுவரோவியங்கள் இருட்டில்தான் இருக்கின்றன. ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. சிறிய கோயில் பூட்டியிருந்தால் பக்கத்துக் குடிசையில் கேளுங்கள், சாவி பெரும்பாலும் அங்கேதான். டாலர் நோட்டு மடிப்பில்லாமல் புதிதாக இருக்க வேண்டும். மடித்து வைத்திருந்த எங்கள் நோட்டை ஒரு கடையில் வாங்கவே இல்லை. மின்சார ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். மணல் பாதையில் மெதுவாகப் போக வேண்டும்.

கோபுரத்தில் ஏறிச் சூரியோதயம் பார்க்கும் பழைய படங்களை மறந்துவிடுங்கள். 2016 ஆகஸ்ட் 24இல் 6.8 அளவு நிலநடுக்கம் நூற்றுக்கணக்கான கோயில்களைச் சேதப்படுத்தியது. அதன் பிறகு ஏறுவதற்குத் தடை வந்தது. 2019இல் பகான் உலக மரபுச் சின்னமானது. பார்வையாளர்களுக்காக எழுப்பிய மண்மேடுகளிலிருந்து விடியலைப் பார்க்கலாம்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் நாட்டில் சண்டை மூண்டது. வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் படிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லிட்டில் இந்தியாவின் கிந்தா சாலையில் தொடங்கிய பர்மிய புத்தர் கோயில், இப்போது பாலஸ்டியர் பக்கம் தாய் ஜின் சாலையில் இருக்கிறது. உள்ளே மண்டலேயிலிருந்து வந்த பெரிய பளிங்குப் புத்தர். டோபி காட்டிலிருந்து ஒரே நிறுத்தம் தள்ளி, சிட்டி ஹால் பக்கத்தில் பெனின்சுலா பிளாசா; அங்கே ஞாயிற்றுக்கிழமை மியன்மார்த் தொழிலாளர் கூட்டத்தோடு உட்கார்ந்து தேயிலை சாலட் சாப்பிடலாம். பகானில் எந்த மாதம் எவ்வளவு குளிரும் என்பதை அங்கே பக்கத்து மேசைக்காரரிடமே கேட்டுத்தான் நாங்கள் கம்பளிச்சட்டை வாங்கினோம்.