துளை விழும் ஒட்டு: வீட்டில் 'மிக்' வெல்டிங் செய்வோருக்கு ஒரு பாடம்

மேலே பார்த்தால் ஒட்டு நன்றாகவே இருக்கும். பெயின்ற் அடித்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் நடுவால் முறியும். முறிந்த முகத்தைப் பாருங்கள்: அப்பத்தின் நடுப்பாகம் போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் பாதி வெறும் வெளி.

படலைக்கு இப்படி ஓர் ஒட்டு விழுந்தால் படலை சரியும், அவ்வளவுதான். லாண்ட்மாஸ்ரர் பெட்டியின் கொழுவியில் விழுந்தால் கதை வேறு. நெல் மூட்டைகளுக்கு மேல் நான்கு பேர் ஏறி இருக்க, குளக்கட்டு இறக்கத்தில் பெட்டி கழன்று தனியே ஓடும். இன்று பல குடும்பங்கள் கையில் இருந்த சிறு பணத்தைப் போட்டு வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, தங்கள் கருவிகளைத் தாங்களே திருத்துகின்றன. அயலாரின் வேலையையும் கூலிக்கு எடுக்கின்றன. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் அயலவரின் பெட்டியை ஒட்டிக் கொடுப்பவர் அதில் ஏறிப் போகிறவர்களுக்கும் பொறுப்பாளி ஆகிறார். ஆகவே இந்த ஓட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

ஓட்டை ஏன் உண்டாகிறது?

உருகிய இரும்பு வாயுக்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். குளிர்ந்து இறுகும்போது அவற்றை வைத்திருக்க அதற்கு இடமில்லை, வெளியே தள்ளும். சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி கிளம்புகிறதல்லவா, அதே கதைதான். ஆனால் இரும்பு ஒரு சில வினாடியில் இறுகிவிடுவதால் குமிழிகள் பாதிவழியில் அகப்பட்டுக்கொள்கின்றன. காற்றிலுள்ள நைதரசன் இதில் முதற் குற்றவாளி. எண்ணெய், பெயின்ற், ஈரம் ஆகியவற்றிலிருந்து வரும் ஐதரசன் அடுத்தது. கறளிலுள்ள ஒட்சிசன் இரும்பிலுள்ள காபனோடு சேர்ந்து காபனோரொட்சைட்டாகிக் கொதிப்பதும் உண்டு.

இதனாற்றான் 'மிக்' வெல்டிங்கில் கம்பியோடு கூடவே காஸ் ஒன்று வந்து உருகிய குட்டையைப் போர்வைபோல் மூடுகிறது. போர்வை விலகினால் காற்று நுழையும். போர்வை சரியாயிருந்தும் இரும்பு அழுக்காயிருந்தால் கீழிருந்து வாயு கிளம்பும். ஏறக்குறைய எல்லாக் கோளாறும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எது உங்கள் கோளாறு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மெஷினைக் கழற்ற முன்னர் இதைச் செய்யுங்கள். புதிய பட்டை இரும்புத் துண்டொன்றைக் கிறைண்டரால் வெள்ளிபோல மின்னும்வரை தேயுங்கள். காற்றுப் படாத மறைவில் வைத்து, அதே கம்பி, அதே காஸ், அதே அளவுகளில் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டுங்கள். ஒட்டு சுத்தமாக வந்தால் மெஷினில் பிழையில்லை. நீங்கள் ஒட்டிய இரும்பிலோ ஒட்டிய இடத்திலோதான் பிழை. இங்கும் ஓட்டை விழுந்தால் காஸையும் கம்பியையும் தேடுங்கள். இந்தப் பத்து நிமிடம் பின்னர் மினக்கெடும் அரை நாளை மிச்சப்படுத்தும்.

எந்தக் கம்பி போட்டிருக்கிறீர்கள்?

கடையில் விற்கும் சிறிய மெஷின்கள் பலவற்றில் 'காஸ் தேவையில்லை' என்று எழுதியிருக்கும். அது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவற்றுக்குரிய கம்பி உள்ளே மருந்துத்தூள் அடைத்த குழாய்க் கம்பி. அந்தத் தூள் எரிந்துதான் குட்டையை மூடும். அந்தக் கம்பி முடிந்ததும் மலிவாகக் கிடைத்தது என்று செப்பு முலாம் பூசிய சாதாரண திண்மக் கம்பியைப் போட்டு, காஸும் இல்லாமல் ஒட்டினால் வருவது ஒட்டல்ல, கடற்பஞ்சு. இதற்கு வேறு மருந்தில்லை. திண்மக் கம்பிக்குக் காஸ் வேண்டும்.

கம்பியை மாற்றும்போது மின்முனையையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் அறியார். காஸோடு பாவிக்கும் திண்மக் கம்பிக்குக் 'கன்' நேர் முனையிலும் ஏர்த் கிளிப் மறை முனையிலும் இருக்க வேண்டும். காஸ் இல்லாத மருந்துக் கம்பிக்கு இது தலைகீழ்: கன் மறை முனையில். மெஷினின் மூடியைத் திறந்தால் கம்பிச் சுருளுக்கு அருகே இதை மாற்றும் ஆணிகள் இருக்கும். முனை மாறியிருந்தால் பொறி அளவுக்கதிகமாகத் தெறிக்கும், ஒட்டு மேலே குவிந்து நிற்கும், உள்ளே ஊடுருவாது.

சாதாரண உருக்கு வேலைக்கு ஈஆர் 70 எஸ்-6 என்ற குறியுள்ள கம்பி பொருத்தமானது. அதில் சேர்த்திருக்கும் சிலிக்கனும் மங்கனீசும் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்வதால் இலேசான கறளைத் தாங்கும். இலேசான கறளை மட்டுந்தான்.

காஸ் இருந்தும் ஓட்டை விழுந்தால்

முதலில் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை எங்கள் பக்கத்தில் வீசும் சோளகத்தில் முற்றத்தில் நின்று மிக் வெல்டிங் செய்வது காற்றில் விளக்குக் கொளுத்துவதைப் போன்றது. செக்கனுக்கு 2 மீற்றர் வேகக் காற்று, அதாவது முகத்தில் தெரியும் அளவு மெல்லிய காற்றே, காஸ் போர்வையைக் கலைக்கப் போதும். மின்விசிறியும் அதேபோல். காற்றுக்கு மறைப்புக் கட்டத்தான் வேண்டும். ஆனால் தறப்பாளால் கட்டாதீர்கள். பொறி பட்டால் உருகி எரியும். கொட்டிலில், கிடுகு வேலிக்கு அருகில் இருப்பவர்களுக்கு இதைத் திரும்பவும் சொல்கிறேன்: மறைப்பு தகரமாக இருக்கட்டும், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நாற்புறமும் மூடவும் வேண்டாம். புகை போக வழி வேண்டும், காஸும் ஓரிடத்தில் தேங்கினால் மூச்சுத் திணறும்.

ஓட்டையைக் கண்டதும் காஸைக் கூட்டித் திறப்பது பலரின் பழக்கம். அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். அளவுக்கு மிஞ்சி வரும் காஸ் சுழித்துக்கொண்டு வெளிக் காற்றையும் உள்ளே இழுத்துவரும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் போதும். தொழிற்கூடங்களில் ஒரு கணக்கு வைத்திருப்பர்: நொசிலின் உள்விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை லீற்றர். தொடக்கத்துக்கு அது நல்ல கணக்கு.

அடுத்து நொசில். அதனுள் தெறித்த இரும்புப் பொட்டுகள் அடைந்திருந்தால் காஸ் ஒரு பக்கமாக மட்டும் வரும். அரை மணிக்கொரு தரம் பார்த்துச் சுரண்டுங்கள். உள்ளே காஸைப் பிரித்துவிடும் சிறு துளைகளையும் பாருங்கள். நொசிலை இரும்பிலிருந்து தூரப் பிடித்தாலும் போர்வை குறையும். ரிப்பிலிருந்து கம்பி ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நீட்டி நின்றால் சரி. கன்னை நிமிர்த்திப் பிடித்து 10 அல்லது 15 பாகை மட்டும் சரியுங்கள். அதிகம் படுக்கவைத்தால் நொசிலின் பின்பக்கத்தால் காற்று நுழையும்.

அதன்பின் ஒழுக்கு. சிலிண்டர் வாய், ரெகுலேற்றர், குழாய், கன் மெஷினில் பொருந்தும் இடம் ஆகிய எல்லாவற்றிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வரும் இடம் ஒழுக்கு. இடத்துக்கு இடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் குழாய்களில் மடிப்பு விழுந்த இடத்தில் வெடிப்பு இருக்கும். கன்னின் அடியிலுள்ள சிறு றப்பர் வளையம் தேய்ந்திருந்தால், காஸ் வெளியே போவதோடு நில்லாமல் காற்றும் உள்ளே வரும்.

காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் முள்ளை நம்பி ஏமாற வேண்டாம். உள்ளே அது திரவமாக இருப்பதால் அது தீரும் தறுவாய் வரை முள் பெரிதாக இறங்காது. பிறகு திடீரென விழும். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்துக் கழித்துப் பார்ப்பதே சரியான வழி. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவையுங்கள். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேற்றருக்குள் வரும். தொடர்ந்து ஒட்டும்போது ரெகுலேற்றரில் பனி பிடித்தால் காஸ் தடைப்படும். சற்று நிறுத்தி வேலை செய்யுங்கள். தீயணைக்கும் சிலிண்டரைக் கொண்டுவந்து பொருத்துவோரும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அடிவரை குழாய் இருப்பதால் திரவமே வெளிவரும். அந்த வேலை வேண்டாம்.

ஆகன் 80 வீதமும் காபனீரொட்சைட்டு 20 வீதமும் கலந்த காஸில் ஒட்டு அழகாகவும் தெறிப்புக் குறைவாகவும் வரும், ஆனால் விலை கூட. வெறும் காபனீரொட்சைட்டு தெறிக்கும், ஆயினும் நன்றாக ஊடுருவும். கமக்காரனின் வேலைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். தனி ஆகன் அலுமினியத்துக்கு உரியது. உருக்குக்கு அது வேண்டாம்.

இரும்பின் அழுக்கு

பழைய பெட்டியின் தகட்டில் என்னதான் இல்லை? சேறு, எரு, டீசல், பசளை உப்பு, மூன்று படை பெயின்ற். ஒட்டப்போகும் இடத்திலும் அதன் இரு பக்கத்திலும் 25 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகை மட்டும் போதாது. அது கறளை மினுக்கிவிடும், எடுக்காது. புதிய அங்கிள் இரும்பில் உள்ள கறுப்புப் படையையும் தேய்த்து எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டும்போது உட்பக்க முகங்களையே எல்லோரும் மறக்கிறார்கள். இடையில் அகப்பட்ட கறளும் பெயின்றும் சூட்டில் வாயுவாகி, போக வேறு வழியின்றி ஒட்டின் ஊடாகவே வெடித்து வரும்.

எண்ணெயைத் தின்னரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தின்னர் போத்தலைத் தூரத்தில் வைத்த பின்னரே ஒட்டுங்கள். குளோரீன் கலந்த பிறேக் கிளீனரைப் பாவிக்கவே கூடாது. அதன் எச்சம் வில்லின் வெப்பத்திலும் ஒளியிலும் பொசுசீன் என்ற நச்சு வாயுவாக மாறும். மிகச் சிறிதளவே நுரையீரலைக் கெடுக்கும்.

நாகம் பூசிய குழாயும் தகடும் தனிக் கதை. நாகம் ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 வேண்டும். ஆகவே இரும்பு உருகும் நேரத்தில் நாகம் ஆவியாகி ஒட்டைத் துளைத்துக்கொண்டு கிளம்பும். தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு மாலையில் மலேரியாபோல நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள். பால் நல்லது, ஆனால் நுரையீரலுக்குப் போன புகையை அது தடுக்காது. காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்று, தலையைப் புகைக்கு வெளியே வையுங்கள்.

குழாய் ஒன்றின் இரு முனையையும் அடைத்து ஒட்டும்போது கடைசி இடத்தில் எப்போதும் ஓர் ஓட்டை விழுந்துகொண்டேயிருந்தால் உங்கள் கையில் பிழையில்லை. உள்ளே சூடேறிய காற்று வெளியே வருகிறது. மறைவான இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

ஓட்டை எங்கே விழுந்தது என்பதும் கதை சொல்லும். ஒட்டு முழுவதும் நெருக்கமாக ஓட்டைகள், மேலே கரிபடிந்த நிறம் என்றால் காஸே வரவில்லை. அங்குமிங்கும் சில என்றால் அழுக்கு. முடிவில் மட்டும் குழியோடு ஓர் ஓட்டை என்றால், விசையை விட்டதும் கன்னை அவசரமாகத் தூக்குகிறீர்கள். குட்டை இறுகும்வரை அங்கேயே பிடியுங்கள்.

ஓட்டையில்லை, ஆனாலும் ஒட்டுக் கழன்று விழுகிறது என்றால் அது வேறு நோய்: சூடு போதவில்லை. மின்கம்பி வரிசையின் கடைசி வீட்டில், அயலில் தண்ணீர்ப் பம்பு ஓடும் நேரத்தில், மெல்லிய நீண்ட வயரில் வேலை செய்தால் வோல்ற்றளவு விழும். வயர் தடிப்பாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும். சுருட்டி வைத்தபடி பாவிக்காதீர்கள்.

திருத்துவதும் சோதிப்பதும்

ஓட்டை விழுந்த ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டுப் போட்டு மூடுவது புண்ணுக்கு மேல் சட்டை போடுவதுதான். கீழுள்ள வாயு மேலும் கிளம்பும். கடைசி ஓட்டை மறையும்வரை தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள்.

கூலிக்கு வேலை எடுக்க முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். 5 மில்லிமீற்றர் பட்டை இரும்பு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நிமிர்த்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, ஒட்டியிருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடியுங்கள். மடிந்தும் முறியாவிட்டால் நல்லது. முறிந்தால் முகத்தைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியானால் ஒரு பக்கம் சுண்ணாம்பு அல்லது சோக்கு பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஊசித் துளையிருந்தால் சுண்ணாம்பில் ஈரப் பொட்டு விழும்.

சில வேலைகளை விட்டுவிடுங்கள். கொழுவி, அச்சு போன்றவற்றைச் சோதனையில் தேறாதவர் தொடக்கூடாது. பெற்றோல், கிருமிநாசினி இருந்த பரல்களை எவரும் ஒட்டக்கூடாது. வயலிலோ பற்றையிலோ எடுத்த, இன்னதென்று தெரியாத இரும்பை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

முற்றத்தில் காற்றுக்குள் தடித்த இரும்பு ஒட்டுவதே உங்கள் வேலை என்றால், குச்சி வெல்டிங் மெஷினும் 2.5 மில்லிமீற்றர் ஈ 6013 குச்சியும் மிக்கைவிட உதவும் என்பேன். சிலிண்டர் செலவுமில்லை. மெல்லிய தகடும் ஒரே மாதிரியான பல துண்டுகளும் ஒட்டுவோருக்கே மிக் இலாபம்.

மாரி காலத்தில் கம்பிச் சுருளை மெஷினில் விட்டுவைக்காதீர்கள். கழற்றி, பொலித்தீனில் சுற்றி, மூடியுள்ள வாளியில் வையுங்கள். கரையோரத்தில் உப்புக் காற்று இரண்டு கிழமையில் கறளேற்றிவிடும். கறள் மேற்சுற்றில் மட்டும் என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு மிகுதியைப் பாவிக்கலாம். இரண்டு மூன்று சுற்றுக்கு உள்ளேயும் சிவப்புத் தெரிந்தால் அந்தச் சுருளைக் கொடிக்கம்பியாகக் கட்டுங்கள். ஒட்டுக்கு அது உதவாது.