காசித் தலவழிபாடும் முத்திப் பேறும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கு சிறந்த தலங்களை முறையாகச் சென்று வழிபடுதல் சைவ நன்மக்களுக்குரிய கடப்பாடுகளுள் ஒன்றாம். பாரத நாட்டில் அங்ஙனம் போற்றப்படும் தலங்களுள் காசி தலைமை சான்றது. அயோத்தி, வடமதுரை, மாயை, காசி, காஞ்சி, அவந்தி, துவாரகை என எண்ணப்படும் முத்தி நகரங்கள் ஏழனுள் அது நடுநாயகமாக வைத்து ஓதப்படுகின்றது. தென்னாட்டினின்றும் அங்குச் செல்லும் அன்பர் தொகை காலந்தோறும் பெருகியே வருகின்றது.

அவ்வன்பர் பலரது உள்ளத்தே ஓர் ஐயம் நிகழ்தல் இயல்பு. காசியில் இறந்தார்க்கு முத்தி கைகூடும் என்று புராணங்கள் கூறாநிற்கும். சிவஞானத்தாலன்றிப் பரமுத்தி எய்துதல் இல்லை என்று சித்தாந்த சாத்திரங்கள் அறுதியிட்டுரைக்கும். இவ்விரண்டும் தம்முள் முரணாவோ? முரணுமாயின் ஒன்றனைக் கைவிடல் வேண்டும். அன்றியும், பொருளும் உடல்வலியும் இன்மையாற் காசி செல்ல இயலாத ஏழையடியார் அப்பேற்றினை இழந்தவராவரோ? இழந்தவராவர் எனின், இறைவனது அருளுக்குச் செல்வரென்றும் வறியரென்றும் வேற்றுமை உளதாதல் வேண்டும். அஃது எவ்வாற்றானும் பொருந்தாது. ஆதலின் இதனை ஆராய்ந்து தெளிதல் இன்றியமையாததாம். முதற்கண் தலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவாம்.

கிழக்கு நோக்கி ஒழுகும் இயல்பினதாகிய கங்கை, காசியில் வளைந்து வடக்கு நோக்கிச் செல்கின்றது. அதுபற்றியே ஆண்டு அதற்கு உத்தரவாகினி என்னும் பெயர் வழங்குகின்றது. நகரம் ஆற்றின் மேல்கரையில் பிறைபோல் வளைந்து கிடத்தலின், காலையில் நீராடுவோர் எதிர்க்கரை மணல்வெளியினின்று எழும் ஞாயிற்றை நேரே கண்டு வணங்குவர். வடக்கே வருணை நதியும் தெற்கே அசி நதியும் கங்கையொடு கலக்கின்றன. அவ்விரண்டற்கும் இடைப்பட்டமையால் வாரணாசி என்பது பெயராயிற்று என்பர். கரையோரத்தே ஏறத்தாழ 84 படித்துறைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் அசி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, ஆதிகேசவம் என்னும் ஐந்தும் பஞ்ச தீர்த்தங்களாம். மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரன் துறையிலும் ஈமத்தீ இரவும் பகலும் எரிந்துகொண்டேயிருக்கும். நீராடுவாரும், தருப்பணஞ் செய்வாரும், பிணஞ் சுமந்து வருவாரும் ஒரே கரையில் நிற்பதைக் காணும் அறிவுடையார்க்கு யாக்கை நிலையாமை பிறர் எடுத்துக் கூறாமலே விளங்கும்.

விசுவநாதர் திருக்கோயில் பன்முறை இடிபாடுற்றது. 1669-ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் ஆணையால் அது இடிக்கப்பட்டது. இப்போதுள்ள திருக்கோயிலை இந்தூர் அரசியாராகிய அகலியாபாய் ஓல்கர் 1780-ஆம் ஆண்டில் எடுப்பித்தார். பின்னர்ப் பஞ்சாப் மன்னர் இரஞ்சித் சிங் அளித்த பொன்னால் அதன் விமானம் வேயப்பெற்றது. குறுகிய சந்துகளினூடே சென்று வழிபட்டு வந்த நிலை மாறி, கோயிலினின்று கங்கைக்கரை வரையில் அகன்ற வழி அமைக்கப்பட்டு 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திறக்கப்பட்டது. கட்டடம் அழிந்தும் எழுந்தும் மாறியும் வர, வழிபாடு மட்டும் இடையறாது நிற்கின்றது. தலத்தின் மேன்மை கல்லையும் பொன்னையும் பற்றியதன்று என்பதற்கு இதுவே சான்றாம்.

தமிழ்ச் சைவருக்கு இத்தலத்தொடு நெடிய தொடர்புண்டு. திருநாவுக்கரசு நாயனார் திருக்கயிலை காணச் சென்றபோது வாரணாசியை அடைந்து வழிபட்டமையைச் சேக்கிழார் பெருமான் கூறியுள்ளார். 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் காசி காண்டத்தைத் தமிழிற் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துத் தோன்றிய குமரகுருபர அடிகள் காசியில் மடம் நிறுவித் தமிழும் சைவமும் வளர்த்தார். கேதாரத் துறையின்மேல் விளங்கும் கேதாரேசுவரர் திருக்கோயில் அவர்தம் மரபினரது காப்பில் உள்ளது. அம்மரபே தென்னாட்டில் திருப்பனந்தாட் காசி மடமாக நிலவுகின்றது. நாட்டுக்கோட்டை நகரத்தாரது சத்திரத்தினின்று விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் ‘சம்போ’ என்னும் முழக்கத்தொடு நாடோறும் எடுத்துச் செல்லப்பெறுவதும் அன்பர் அறிந்ததே.

இனி, எடுத்துக்கொண்ட ஐயத்தை ஆராய்வாம்.

காசியில் இறத்தல் முத்தி தரும் என்னுமிடத்துப் புராணம் கூறும் காரணத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அங்கு இறக்கும் உயிரின் வலச்செவியில் விசுவநாதப் பெருமானே தாரக மந்திரத்தை உபதேசித்தருள்கின்றார். அவ்வுபதேசத்தால் அவ்வுயிர் வீடு பெறுகின்றது என்பதே அக்காரணம். ஆகவே, முத்தி தருவது அந்நிலமும் அன்று, இறப்பும் அன்று, இறைவன் குருவாய் நின்று செய்யும் உபதேசமே எனத் தேறப்படும். உயிர் முன்செய் தவத்தால் இறைவன் குருவாய் எழுந்தருளி உணர்த்த, அதுகாறும் ஐம்புலன்களின் வயப்பட்டு மயங்கிக்கிடந்த ஆன்மா தன்னியல்பை உணர்ந்து அவன் திருவடியை அடையும் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. புராணம் கதைமுகத்தாற் கூறியதும் சாத்திரம் சூத்திரமுகத்தாற் கூறியதும் ஒன்றே. எனவே முரண் யாண்டையது?

அற்றேல், விஞ்ஞானகலர்க்கு அறிவினுள் நின்றும், பிரளயாகலர்க்குத் தன் திருமேனியொடு முன்னின்றும், சகலர்க்கு மானிடத் திருமேனி தாங்கிய குருவாய் மறைந்து நின்றும் உணர்த்துதல் முறையாயிருப்ப, காசியில் இறக்கும் சகலர்க்குப் பெருமான் நேரே உபதேசித்தல் யாங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். சகலர்க்கு மானிடத் திருமேனி வேண்டப்படுவது அவர் அறிவு ஐம்பொறிகளின் வழியே புறத்தே சென்று பற்றும் இயல்பினதாதல் பற்றியாம். உயிர் பிரியும் வேளையிற் பொறிகள் ஒவ்வொன்றாய் ஒடுங்கிவிடுதலின், அவ்விடத்து உணர்த்துமுறை வேறுபடுதல் இழுக்கன்று. முறை மூன்றாயினும் உணர்த்துவோன் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபு.

மற்றொரு தடை: தீவினை பல செய்தவனும் இறுதிக்காலத்துக் காசி சென்று இறந்து வீடுபெறுவானாயின், வினைப்பயன் நுகர்ந்தே கழியவேண்டும் என்னும் நியதி என்னாவது? இதற்கும் காசித் தலவரலாறே விடை தருகின்றது. அத்தலத்திற் பாவம் புரிந்தார் காலவைரவரது தண்டத்தை நுகர்ந்த பின்னரே உய்வர் என்று அது கூறும். தலத்தின் காவலராகக் காலவைரவர் வைத்து வணங்கப்படுவதும் இதுபற்றியே. சஞ்சிதம் தீக்கையான் அழியும், பிராரத்தம் நுகர்ச்சியாற் கழியும், ஆகாமியம் ஞானத்தாற் பற்றாதொழியும் என்னும் நம் நூற்கொள்கையை இஃது அரண் செய்கின்றதேயன்றி மறுக்கவில்லை. ‘காசிக்குச் சென்றாலும் கருமம் தொலையாது’ என்னும் உலக வழக்கும் மனந்திருந்தாது செல்வாரை நோக்கி எழுந்ததேயாம்.

இனி, காசிக்கு அவிமுத்தம் என்றொரு பெயருண்மையையும் சிந்தித்தல் வேண்டும். சிவபெருமானால் ஒருபோதும் விடப்படாத இடம் என்பது அதன் பொருள். சாபால உபநிடதம், அவிமுத்தம் யாண்டுளது என்னும் வினாவை எழுப்பி, வரணைக்கும் நாசிக்கும் இடையே உளது என்று விடுத்து, பொறிகளாற் செய்யப்படும் குற்றங்களைத் தடுப்பது வரணை எனவும், அவற்றான் வரும் பாவங்களை அழிப்பது நாசி எனவும் விளக்கி, புருவமும் மூக்கும் கூடுமிடமே அது என்று கூறுகின்றது. புறத்தே நிற்கும் நகரம் அகத்தே உள்ள நிலைக்கு அடையாளமாய் அமைந்தமை இதனாற் பெறப்படும். இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் பிரிப்பின்றி நிற்பன் என்பது நம் கொள்கையாதலின், அவனால் விடப்படாத இடம் ஒவ்வோர் ஆன்மாவுமேயாம். காசி செல்ல இயலாத ஏழையடியார் எதனையும் இழந்தவரல்லர் என்பது இதனால் வலியுறும்.

இவ்வுண்மையை ஆன்றோர் வரலாறும் காட்டும். தில்லையைக் காணவும், காசியில் இறக்கவும், ஆரூரிற் பிறக்கவும், அண்ணாமலையை நினைக்கவும் முத்தி என்பர். இந்நான்கனுட் பிறப்பும் இறப்பும் நம் வயத்தன அல்ல. காண்டலும் நினைத்தலுமே நாம் முயன்று செய்யத்தக்கன. குமரகுருபர அடிகள் தருமபுர ஆதீனத்து நான்காம் குருமூர்த்திகளாகிய மாசிலாமணி தேசிகரிடம் துறவு வேண்டியபோது, காசி சென்று வருமாறு தேசிகர் பணித்தனர். அதற்கு நெடுங்காலமாகுமே என்று அடிகள் வருந்த, சிதம்பர வாசம் செய்து வருமாறு அருளினர் என்பது வரலாறு. குருவின் ஆணை வழி நிற்பார்க்குத் தில்லையே காசியாயிற்று. அவரே பின்னர்க் காசி சென்று அரும்பணி புரிந்து அங்கேயே பரிபூரணம் எய்தினார். காசி செல்லாமை குறையன்று, செல்லுதல் மிகையுமன்று. அப்பர் பெருமானும் வாரணாசியைக் கடந்து கயிலை நோக்கிச் சென்றபோது இறைவனாற் பணிக்கப்பட்டுப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டருளினார். எங்கும் நிறைந்தவன் இறைவன் என்று உணராதார்க்குக் கங்கை முதலிய தீர்த்தங்களில் ஆடியும் பயனில்லை என ஐந்தாந் திருமுறையில் அவர் அருளியதும் இவ்வனுபவத்தொடு வைத்து நோக்கற்பாலது.

அங்ஙனமாயின் தலயாத்திரை வேண்டாவோ எனின், அங்ஙனம் கூறுதல் பெருந்தவறாம். சீவன்முத்தரும் அடியாரோடு கூடித் திருக்கோயிலையும் அடியார் திருவேடத்தையும் இறைவன் எனவே கண்டு தொழுவர் என்று பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறுமாயின், நம்மனோர்க்கு அவ்வழிபாடு இன்றியமையாதது என்பது சொல்லவேண்டா. காலால் நடந்து தலத்தை வலம்வருதல் சரியை. மந்திரத்தொடு நீராடி அருச்சித்தல் கிரியை. அவிமுத்தத்தை அகத்தே கண்டு ஒடுங்குதல் யோகம். இவற்றின் பேறாகக் குருவருளால் விளைவது ஞானம். ஆகவே, காசி யாத்திரை இந்நாற்பாதத்திற்கும் இடந்தருவதாகும்.

செல்லும் அன்பர் கடைப்பிடிக்கத்தக்கன சில உள. கங்கையில் நீராடித் திருநீறு தரித்துத் துண்டி விநாயகரை முதற்கண் வணங்கி, விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலவைரவர், கேதாரேசுவரர் சந்நிதிகளை வழிபடுக. இயன்றவர் 80 கிலோமீட்டர் அளவினதாகிய பஞ்சகுரோச வலத்தைக் கர்த்தமேசுவரம், பீமசண்டி, இராமேசுவரம், சிவபுரம், கபிலதாரை என்னும் ஐந்து தங்கிடங்களிலும் தங்கிச் செய்க. சேதுவின் மணலைத் திரிவேணியில் இட்டுக் கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதப் பெருமானுக்கு ஆட்டும் மரபினைக் கைவிடற்க. தீர்த்தம் சிவபெருமான் திருச்சடையில் தங்கியது என்று வணங்குவோர் அதன்கண் அழுக்கும் குப்பையும் இடுதல் எத்துணை முரண் என்பதையும் எண்ணுக. 1986-ஆம் ஆண்டில் கங்கையைத் தூய்மை செய்யும் அரசினர் திட்டம் காசியிலேயே தொடங்கப்பட்டது. ஆயினும், வழிபடுவோர் கருத்து வையாவழி அப்பணி நிறைவுறாது.

காசியில் காயொன்றும் கனியொன்றும் விட்டுவருதல் வழக்கம். விருப்பமில்லாத பொருளை விடுவது விடுதலாகாது; விருப்பமிக்க பொருளை விடுதலே சிறப்பு. ஆன்மாவிற்கு அநாதியே பற்றிய ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கினும் விருப்பமிக்க பொருள் பிறிதில்லை. அதனை விசுவநாதர் திருமுன் விடுதற்கு முயல்வார்க்குக் காசி பயன்படும். அங்குச் செல்ல இயலாதார் தத்தம் ஊர்த் திருக்கோயிலிலேயே அதனை விடலாம். ஏற்போன் யாண்டும் ஒருவனே. அவன் திருவருள் அனைவர்க்கும் கைகூடுக.

திருச்சிற்றம்பலம்