பலகையும் பந்தியும் சபையும்

ஆங்கிலத்திலே 'போர்ட்' என்பது சிறுவரும் அறிந்த சொல். அகராதியைத் திறக்கும் மாணவன் அங்கே முதற்கண் காண்பது 'பலகை' என்னும் பொருளை. கண்டதும் அகராதியை மூடிவிடுகின்றான். பின்னொருநாள் உல்லாச விடுதியொன்றின் விளம்பரத்தில் 'ஹாஃப் போர்ட்' என்றிருப்பதைக் கண்டு 'அரைப் பலகை' என எழுதி வருகின்றான். இத்தகைய மொழிபெயர்ப்புக்கள் ஆசிரியராகிய நமக்குப் புதியனவல்ல. ஆயினும் நகைத்துவிட்டுப் போகத்தக்கனவுமல்ல. ஒரு மொழியின் ஒரு சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஒரே சொல் ஒத்து நிற்கும் என்னும் எண்ணமே இவற்றுக்கு வேர். அவ்வெண்ணம் மாணவனின் பயிற்சிக் கொப்பியோடு நின்றுவிடுவதன்று. வளர்ந்தோர் எழுதும் படிவங்களிலும் பெயர்ப் பலகைகளிலும் அது தொடர்கின்றது. ஆகவே இச்சொல் ஒன்றனையே எடுத்து அதன் பொருள் விரிந்த வழியைச் சிறிது நோக்குவாம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மரப்பலகையை மாத்திரமன்றி மேசை, கேடயம், கப்பலின் பக்கம் ஆகியவற்றையும் குறித்தது. பலகையைக் குறித்த சொல்லொன்றும் விளிம்பைக் குறித்த சொல்லொன்றும் முற்காலத்தே ஒன்றோடொன்று கலந்தன என்பது மொழிநூலார் கருத்து. இஃது ஆங்கிலேயர்க்கே உரிய விந்தையென்று எண்ணற்க. நம் 'பலகை'யும் சும்மா இருந்த சொல்லன்று. அமரும் ஆசனம், சூதாடு களம், எழுதும் ஏடு, நெடும்பரிசை என்னும் கேடயம் ஆகிய பொருள்களெல்லாம் அதற்கும் உள. மரத்தைத் தட்டையாக அறுத்து வைத்துக்கொண்ட மக்கள் எங்கிருந்தாலும் அதன்மேல் அமர்ந்தனர், உண்டனர், ஆடினர். பகைவனின் அம்பு வந்தபோது அதனையே முன்னே பிடித்தனர்.

இனி, பலகை உணவானவாற்றைக் காண்பாம். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் உண்ணும் மேசை நிலையாக நிற்பதன்று. கால்தாங்கிகளின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்பி உண்பர். உண்டபின் எடுத்துச் சுவரோரம் சார்த்துவர். ஆதலின் 'பலகை' என்றால் மேசை என்றாயிற்று. மேசை என்றால் அதன்மேல் வரும் உணவு என்றாயிற்று. தமிழிலே வரிசையைக் குறித்த 'பந்தி' என்னும் சொல் விருந்தை நினைப்பிப்பது போன்றதே இதுவும். 'போர்ட் அண்ட் லொட்ஜிங்' என்னும் தொடரில் முன்னது உணவு, பின்னது தங்குமிடம். 'ஃபுல் போர்ட்' என்பது மூன்று வேளை உணவோடு கூடிய தங்கல். 'ஹாஃப் போர்ட்' என்பது பெரும்பாலும் காலையுணவும் இரவுணவும் மட்டும். அரைப் பலகையின் கதை இவ்வளவே.

நம் பழைய மாணவர்க்கு இவ்விடத்தில் வேறொரு சொல் நினைவுக்கு வரும். தீவுப் பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து கற்றோர் "நான் போர்டிங்கில் இருந்தவன்" என்று இன்றும் பெருமையோடு சொல்வர். அவர் கருதுவது தங்கியிருந்தமையை. நாம் இட்ட தமிழ்ப் பெயரும் 'விடுதி' என்பதே; தங்குதற்குரிய இடம் என்பது அதன் பொருள். ஆங்கிலச் சொல்லோ உணவிலிருந்து பிறந்தது. போர்டிங் என்பதன் அடிப்பொருள் ஒருவர் பந்தியில் அமர்ந்து உண்பது. ஐயமுள்ளவர் 'டே போர்டர்' என்னும் வழக்கை நோக்குக. பகலுணவைப் பாடசாலையில் உண்டு இரவில் வீடு செல்லும் மாணவனுக்கு அப்பெயர். போர்டிங் என்பது இராத் தங்கலே எனக் கொள்வோமாயின் அத்தொடர் முன்னுக்குப் பின் முரணாகிவிடும். விடுதிச் சோற்றைப் பற்றிப் பழைய மாணவர் கூடிப் பேசும் பேச்சுக்கு முடிவில்லாதிருப்பது சொல்லின் வரலாற்றுக்கும் பொருத்தமே போலும்!

உண்ட மேசையைச் சுற்றியே ஆலோசனையும் நடந்தது. எனவே மேசையைக் குறித்த சொல் அதனைச் சுற்றி அமர்ந்து கருமம் முடிவு செய்வோரையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் இவ்வாறு தளபாடங்கள் அதிகாரம் பெறுவது வழக்கம். நாற்காலி தலைவரைக் குறிக்கும். வாங்கு நீதிபதிகளைக் குறிக்கும். தமிழும் இதற்குப் புறம்பன்று. இருக்கையாகிய 'பீடம்' நம் பல்கலைக்கழகங்களிலே கலைப்பீடம், மருத்துவபீடம் என நிற்கின்றது. மதுரைச் சொக்கேசர் புலவர்க்கு அருளிய சங்கப் பலகையின் கதையைத் திருவிளையாடற் புராணத்திற் கற்றவர்கள், பலகைக்கும் அவைக்கும் உள்ள உறவை ஆங்கிலேயரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை. தகுதியுடைய புலவர்க்கு இடங்கொடுத்து நீண்ட பலகை அது. இக்காலத்துப் 'போர்ட்'டுகள் யாருக்காக நீளுகின்றன என்பது வேறு வினா.

மொழிபெயர்ப்பாளருக்கு மெய்யான இடர் இங்கேதான் தொடங்குகின்றது. இலங்கையில் 1958 இல் பேருந்துகள் தேசியமயமானபோது அமைந்த நிறுவனத்தை இலங்கைப் போக்குவரத்துச் சபை என்றோம். 1969 இல் அமைந்ததை இலங்கை மின்சார சபை என்றோம். இரண்டும் ஆங்கிலத்திற் 'போர்ட்' எனப்பட்டவை. பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே ஆங்கிலச் சொல்லுக்கு 'வாரியம்' என்பதே வழக்கு. மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம் என்பர். வாரியம் புதிதாக ஆக்கிய சொல்லன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளுக்குரியன, ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் பேசுகின்றன. குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தனர். அங்கே 'சபை' என்பது ஊர்ப் பெருமன்றம். 'வாரியம்' என்பது ஏரியையோ தோட்டத்தையோ ஒரு பொறுப்பாக ஏற்று நடத்தும் குழு. இவ்வேறுபாடு இழக்கத்தக்கதன்று. நம் நாட்டில் மாநகர சபையும் சபை, பிரதேச சபையும் சபை, மாகாண சபையும் சபை, மின்சார சபையும் சபை. முன்னைய மூன்றும் மக்கள் வாக்கிட்டுத் தெரிவனவாகவும் பின்னையது அரசு நியமித்து நடத்துவதாகவும் அமைந்தவை. ஆங்கிலம் 'கவுன்சில்' என்றும் 'போர்ட்' என்றும் பிரித்துக் காட்டியதைத் தமிழ் ஒன்றாக்கிவிட்டது. பெயரை மட்டும் படிக்கும் குடிமகன், எதனிடம் வாக்காளனாக நின்று கேள்வி கேட்கலாம், எதனிடம் விண்ணப்பகாரனாக நிற்க வேண்டும் என்று எவ்வாறு அறிவான்? வேரூன்றிய பெயர்களைப் பிடுங்குமாறு நாம் சொல்லவில்லை. புதியன ஆக்குவோர் வாரியத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நேர்முகப் பரீட்சைக்கெனக் கூடிக் கலையும் 'போர்ட்'டுக்குச் சபையும் வேண்டா, வாரியமும் வேண்டா, 'குழு' போதும்.

நம் முன்னோர் இவ்விடத்தில் நம்மினும் துணிவுடையவராயிருந்தனர். சைவப் பிள்ளைகள் சைவச் சூழலிற் கற்கவேண்டுமென்று 1923 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் எழுந்தது. ஆங்கிலத்தில் அது இந்து போர்ட். தமிழிலோ சைவ வித்தியா விருத்திச் சங்கம். 'இந்து'வைச் சைவமென்றும் 'போர்ட்'டைச் சங்கமென்றும் வைத்தார்களேயன்றி, சொல்லுக்குச் சொல் வைத்தாரில்லர். தாம் நடத்தப் போவது எது என்று எண்ணிப் பெயரிட்டனர். ஆயினும் ஊர் வழக்கிலே வென்றது ஆங்கிலப் பெயரே. அதற்கு உழைத்த பெரியாரை இந்துபோர்ட் இராசரத்தினம் என்றே யாழ்ப்பாணம் இன்றும் நினைக்கின்றது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உதவிபெறு பாடசாலைகள் அரசின் பொறுப்பிற் சென்ற பின்னரும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

கப்பலைப் பற்றிச் சிறிது. விளிம்பு என்னும் பொருளிலிருந்து கப்பலின் பக்கம் என்னும் பொருள் வந்தது. வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்ட்' என்று பெயர். இதில் விண்மீன் யாதுமில்லை. சுக்கான் துடுப்பு முற்காலத்தில் வலப்பக்கம் இருந்தமையின், செலுத்தும் பக்கம் என்பது பொருள். இடப்பக்கம் 'லார்போர்ட்' எனப்பட்டது. புயலிடையே கூவும்போது இரண்டும் ஒன்றுபோற் கேட்கவே, பிரித்தானியக் கடற்படை 1844 இல் லார்போர்ட்டை விலக்கித் துறைமுகத்தின் பெயரையே இடப்பக்கத்துக்கு வைத்தது. தமிழெழுத்தில் எழுதினால் அதுவும் 'போர்ட்' என்றே வருதலைக் காண்க! கப்பலில் ஏறுதற்கும் அதனின்று புகைவண்டி, விமானங்களில் ஏறுதற்கும் இச்சொல் வினையாயிற்று. கட்டுநாயக்கவில் நம்மவர் கையிற் கொடுக்கும் 'போர்டிங் பாஸ்' இவ்வழிவந்தது. விடுதிப் போர்டிங்குக்கும் இதற்கும் எழுத்து ஒன்று, வழி வேறு.

எஞ்சியவற்றை விரைந்து சொல்வோம். 'கபர்ட்' கிண்ணங்களை வைக்கும் திறந்த பலகையாயிருந்து கதவுள்ள பெட்டகமானது. நாமோ போர்த்துக்கேயர் தந்த 'அலுமாரி'யோடு அமைந்துவிட்டோம். 'அபவ் போர்ட்' என்றால் வஞ்சமின்மை. சீட்டாடுவோர் கைகளை மேசைக்கு மேலே வைத்திருத்தலினின்று பிறந்தது. பன்மையில் நடிகரின் மேடையைக் குறிக்கும்.

மாணவர் இறுதியாக ஒன்றைக் கவனிக்க. 'ஒன் போர்ட்' என்றால் கப்பலிலோ விமானத்திலோ இருத்தல். இடையிலே 'த' என்னும் சிற்றிடைச்சொல் புகுந்து 'ஒன் த போர்ட்' ஆயின், கரும்பலகையில் எழுதப்பட்டிருத்தல், அல்லது நிருவாக உறுப்பினராயிருத்தல். இவ்விரண்டில் எதுவென்பதை எழுவாய் காட்டும். வினாவிடை பலகையில் இருக்கும். மனிதர் சபையில் இருப்பர். தமிழில் அவ்விடைச்சொல் இல்லாமையால் நம் மாணவர் அதனைக் கண்ணாற் கடந்துவிடுகின்றனர். மொழிபெயர்க்குமுன் அதனைப் பென்சிலாற் கோடிட்டுக்கொள்ளுமாறு வகுப்பிற் சொல்லி வருகின்றோம்.