சீட்டுக் கிழிசலும் சொந்த வைத்தியங்களும்

மழை விட்டு ஒரு நாள் முழுக்க வெயில் அடித்திருந்தது. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துப் பார்த்தேன், துணியில் ஈரமே இல்லை. நம்பி ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது வேகத்தடை தாண்டுவதற்குள் பேண்ட்டின் பின்பக்கம் சில்லிட்டது. போனது கல்யாண வீட்டுக்கு. முதல் பந்திக்கு உட்காராமல் மண்டபச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். இத்தனைக்கும் காரணம், பூனை நகம் இழுத்த ஒரு கீறல். ஓர் அங்குலம்கூட இருக்காது.

நம்பிக்கை: சின்னக் கிழிசல்தானே, பார்க்கத்தான் அசிங்கம்.

அழகு போனால் போகட்டும், பிரச்சினை தண்ணீர். சீட்டுக்குள் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்கு அண்ணன். கீறல் வழியாக இறங்கிய மழைநீரை அது குடித்து வைத்துக்கொள்ளும். மேலே ரெக்சின், கீழே தட்டு, காற்று போக வழியில்லை. அதனால் மேல்புறம் மணிக்கணக்கில் காய்ந்தாலும் உள்ளே நாட்கணக்கில் ஈரம் நிற்கும். நாம் உட்காரும்போது பிழிந்து கொடுக்கும், எழுந்ததும் விரிந்து, மேலே தேங்கியிருப்பதை மறுபடி உறிஞ்சும். பழைய வண்டிகளின் இரும்புத் தட்டு துருப்பிடிப்பதும் இப்படித்தான்.

கிழிசல் அதே அளவில் நிற்கவும் நிற்காது. ரெக்சினை ஃபோம்மேல் இழுத்துக் கட்டித்தான் சீட் செய்கிறார்கள். அந்த இழுவை கிழிசலின் இரண்டு முனைகளிலும் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

நம்பிக்கை: நாலு சொட்டு ஃபெவிக்விக் போதும்.

உடைந்த பீங்கான் கோப்பைக்குச் சரி. அந்த வகைப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல விறைத்துவிடும். சீட்டோ நாள் முழுக்க மடங்கி நிமிரும் பொருள். ஒட்டிய கோடு நிற்கும், அதன் ஓரத்தில் புதுக் கிழிசல் பிறக்கும். ரெக்சினின் அடித்துணி பருத்தியாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தப் பசை பருத்தியில் பட்டதும் சட்டென்று சூடேறும், விரலைச் சுட்டுவிடும்.

பஞ்சர் சொல்யூஷனும் உதவாது. அது ரப்பருக்கானது. ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்லக் கசிந்து அந்த ஒட்டைத் தளர்த்திவிடும். பேக்கிங் டேப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சித்திரை வெயிலில் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், டேப் சுருண்டு பிசின் வேட்டியில் இருக்கும்.

நம்பிக்கை: ஊசி நூல் எடுத்துத் தைத்துவிட்டால் உறுதி.

இரண்டு விதக் கிழிசல்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். தையல் விட்டிருந்தால் போனது நூல் மட்டும்தான். ரெக்சின் நன்றாக இருக்கும். பழைய துளைகளிலேயே நைலான் நூலால் தைக்கலாம் (பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும்). ஆனால் நடுப்பரப்பில் கிழிந்ததைத் தைத்தால், தபால்தலைத் தாளில் ஓட்டை போடுவதைப்போல வரிசையாகத் துளை போடுகிறோம். அடுத்த முறை அந்த வரிசையோடே கிழியும். அதுவரை ஒவ்வொரு துளையும் தண்ணீர் குடிக்கும்.

நடுப்பரப்புக் கிழிசலுக்கு ஒட்டு உள்ளிருந்துதான் வரவேண்டும். இப்போதைய இருசக்கர வண்டிகள் பலவற்றில் ரெக்சினை பிளாஸ்டிக் தட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் பிடித்திருப்பார்கள். கிழிசல் பக்கத்துப் பின்களைத் தட்டையான திருப்புளியால் நெம்பி எடுங்கள், இழுவை தளரும். பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். ஃபோம் ஈரமாக இருந்தால் முதலில் காயவிட வேண்டும். பிறகு ரெக்சினின் அடிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பிசிறு நூலை நறுக்கிவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியில் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 விரல் அகலம் கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டி ஒரு துண்டு எடுங்கள். காய்ந்தபின்னும் வளையக்கூடிய வினைல் பசையை இரண்டிலும் தடவி உள்ளிருந்து ஒட்டி, கிழிந்த விளிம்புகளை ஒன்றோடொன்று முட்டவைத்து, ஒரு ராத்திரி பாரம் ஏற்றிவையுங்கள். மறுநாள் பின் அடிக்கலாம்.

கோடு தெரியும். தெரியாமல் ஒட்டுவதாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. உட்காரும் இடத்தில் ஒரு சாணுக்குமேல் கிழிந்திருந்தால் இந்தப் பாட்டே வேண்டாம், குஷன் கடைக்குப் போய்விடுங்கள். கார் சீட்டில் கிழிந்த பாகத்தை மட்டும் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதிதாக வெட்டித் தைத்துத் தருவார்கள். முழு சீட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிக்காது.

தோல் என்று நினைத்துத் தடவுகிறோம். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் செய்த செயற்கைத் தோலின் வணிகப் பெயர். அது செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய துணி. இன்று அதே பெயரில் நாம் வாங்குவது பி.வி.சி. பூசிய துணி. எதிலும் தோல் இல்லை. வெயில் உறிஞ்சிய மிருதுத்தன்மையை எண்ணெய் திருப்பித் தராது, தூசியைத்தான் சேர்க்கும். நிழலில் நிறுத்துங்கள்.

நம்பிக்கை: காரில் கிழிந்தால் மேலே ஒரு கவர் மாட்டிவிடலாம்.

காரில் கிழிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள பல கார்களில் அது முன்சீட்டின் சாய்மானத்துக்குள், கதவுப் பக்கமாக மடிந்து கிடக்கிறது. மோதும்போது அந்தப் பக்கத்துத் தையல் பிய்ந்து, கண் இமைப்பதற்குள் பை வெளியே வரவேண்டும். அங்கே தடித்த கவர் மாட்டினாலோ, தையல் விட்டிருக்கிறதே என்று நைலான் நூலால் இறுக்கித் தைத்தாலோ பை சிக்கிக்கொள்ளும்.

கடைக்குப் போகுமுன் முன்சீட்டின் கதவுப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று சின்ன லேபிள் தைத்திருந்தால் அந்தப் பக்கத்தில் பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.