கண்ணில் சொட்டு மருந்து, பல்லில் நோய்

"முயலுக்குக் கண்ணுல தண்ணி வடிஞ்சிட்டே இருக்கு. மூணு சொட்டு மருந்து மாத்தியாச்சு, நிக்கல. அடுத்து எது விடலாம் டாக்டர்?" கால்நடை மருத்துவரிடம் முயல் வளர்ப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. அடுத்து எதையும் விட வேண்டாம். "பல்லை யாராவது பார்த்தார்களா?" என்று திருப்பிக் கேட்டால், கண்ணுக்கு வந்தவனிடம் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்பதுபோல் பார்க்கிறார்கள்.

கண்ணில் வடிந்தால் கண்ணில்தான் கோளாறு என்ற நம்பிக்கை முயலிடம் செல்லாது. நமக்கு ஒவ்வொரு கண்ணிலும் கண்ணீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. முயலுக்குக் கீழிமையில் ஒன்றே ஒன்று. அங்கிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வளைந்து நெளிந்து, கடைவாய்ப் பற்களின் வேரையும் மேல் வெட்டுப்பல்லின் வேரையும் உரசியபடி போகிறது. முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்பவை. மென்று தேயாத பல் மேலே மட்டும் நீளாது, வேர்ப்பக்கமும் தாடைக்குள் இறங்கும். இறங்கிய வேர் குழாயை நசுக்கும். கண்ணீர் தேங்கும், கிருமி சேரும், பால்போல் வெள்ளைச் சீழ் கண்ணோரம் திரளும். இமை மேல் விடும் சொட்டு மருந்து அடைபட்ட குழாய்க்குள் எப்படிப் போகும்? இரண்டு நாள் சீழ் குறைந்ததாகத் தோன்றும், மறுபடி வரும். உடனே மருந்து சரியில்லை என்று கடையை மாற்றுகிறார்கள்!

செய்ய வேண்டியது வேறு. முதலில் கண்ணில் ஃப்ளோரசின் சாயம் ஒரு சொட்டு. கருவிழியில் புண் இருந்தால் பச்சையாக ஒளிரும். சாயம் மூக்கு வழியே வந்தால் குழாய் திறந்திருக்கிறது. வராவிட்டால் கண்ணை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழலால் சலைன் செலுத்திக் கழுவ வேண்டும். அத்துடன் மண்டை ஓட்டுக்கு எக்ஸ்ரே. வாயைத் திறந்து பார்த்தால் பல்லின் தலை தெரியும், வேர் தெரியாது. "எக்ஸ்ரே எல்லாம் எதுக்கு டாக்டர், முயல்தானே?" என்பவர்கள் சொட்டு மருந்துக்குக் கொட்டிய காசை ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும். வேர் ஏற்கெனவே நீண்டுவிட்ட முயலுக்கு முழுக் குணம் கிடைக்காமலும் போகலாம். அவ்வப்போது கழுவி, கன்னத்து முடியை ஈரம் தங்காமல் காயவைத்தே காலம் தள்ள வேண்டியிருக்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சிவப்பு போகட்டும் என்று வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விடுகிறார்கள். கருவிழியில் புண் இருந்தால் அது ஆறாது, ஆழமாகும், கண் ஓட்டையாகவும் கூடும். அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்து வாயில் ஊட்டுவது அதைவிட மோசம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, வயிற்றுப்போக்கில் முயலே போய்விடும்.

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு: எதுவும் வேண்டாம். ரசாயனங்களை முயல் கண்ணில் விட்டுப் பார்க்கும் ட்ரெய்ஸ் சோதனை 1944-இல் அமெரிக்காவில் எழுதி வைக்கப்பட்டது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. வீட்டுச் சோதனைக்குத்தான் இன்னும் தடை வரவில்லை.

வெள்ளை முயலின் சிவந்த விழி நோயல்ல, நிறமி இல்லாததால் தெரியும் ரத்த ஓட்டம். விழிக்குள் வெள்ளைக் கட்டிபோல் ஏதாவது தெரிந்தால் அது வயதான கண்புரை என்று விட்டுவிடாதீர்கள். தாய் வயிற்றிலேயே தொற்றிய ஒட்டுண்ணி விழிவில்லையைக் கிழித்திருக்கலாம். ஒரு கண் மட்டும் பிதுங்கினால், பின்னால் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முயலின் சீழ் பாலாடைக்கட்டிபோல் கெட்டியானது, குத்திவிட்டால் வடிந்துவிடாது.

கேரட்? கார்ட்டூனில் பார்த்தது. கிழங்கில் இனிப்பு அதிகம், பல்லைத் தேய்க்கும் வேலை குறைவு. பெல்லட்டும் நொறுங்கி உள்ளே போய்விடுகிறது. பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்ல வைப்பது நார் மிகுந்த புல்தான். ஜோடி முயலை அட்டைப்பெட்டியில் போட்டு விற்கும் கடைக்காரர் ஒரு கட்டுப் புல்லையும் சேர்த்துக் கொடுத்தால் பாதி முயல்கள் கண் வைத்தியத்துக்கே வராது என்று எத்தனை தடவை கத்தியாயிற்று! அருகம்புல் இலவசமாகக் கிடைக்கிறது, மருந்தடிக்காத இடமாகப் பார்த்து அறுங்கள். கம்பு நேப்பியர் கிடைத்தால் இன்னும் நல்லது. குதிரை மசாலை மட்டும் வளர்ந்த முயலுக்குத் தினமும் போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்து அதிகம். கூண்டில் இரவும் பகலும் புல் கிடக்கட்டும். புல்லை மோந்துவிட்டு ஒதுக்கினாலோ, மெல்லும்போது எச்சில் ஒழுகினாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். அரை நாள் சாப்பிடாத முயலுக்கு அடுத்த வாரம் என்று நாள் குறிக்க முடியாது.