ஐம்பது அடிக்கு அப்பால் இருந்த முனையம்

கேள்வி: ஆர்.எஸ்-232 கேபிள் 50 அடியைத் தாண்டக் கூடாது என்று பாடநூல்கள் கூறுகின்றன. அவ்வாறாயின், 1970களில் அடுத்த கட்டடத்தில் இருந்த முனையங்களை மையக் கணினியுடன் எவ்வாறு இணைத்தனர்?

பதில்: கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்கும் வழக்கம் ஆர்.எஸ்-232 தரத்தைவிட மூத்தது. 1940 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் ஹானோவர் நகரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கூடியிருந்த கணிதவியலாளர்களின் முன்னிலையில், ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் தொலைத்தட்டச்சு இணைப்பின் வழியே நியூயார்க்கில் இருந்த பெல் ஆய்வகக் கணிப்பொறிக்குக் கணக்குகளை அனுப்பி, விடைகளைப் பெற்றுக் காட்டினார்.

1960இல் வெளியான ஆர்.எஸ்-232, முனையத்தையும் அதன் அருகிலேயே வைக்கப்படும் மோடத்தையும் இணைப்பதற்காக வகுக்கப்பட்ட தரமாகும். நெடுந்தொலைவைக் கடக்கும் பொறுப்பு தொலைபேசிக் கம்பிக்கு உரியது என்று கருதப்பட்டதால், 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 50 அடியையே பரிந்துரைத்தது. மோடமே இல்லாமல் முனையத்தை நேரடியாகக் கணினியுடன் இணைத்தபோதுதான் அந்த அளவு போதாமல் போனது. கேபிள் நீளும்போது, அருகருகே ஓடும் கம்பிகளுக்கு இடையே மின்னேற்றம் தேங்கும் பண்பாகிய மின்தேக்குத்திறனும் கூடுவதால், சைகையின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. வேகத்தைக் குறைத்தால் இதை ஓரளவு சமாளிக்கலாம் என்பதால், பலர் 50 அடியைத் தாண்டியும் வெற்றிகரமாகக் கேபிள் இழுத்தனர். அதைவிடக் கடுமையான இடர்ப்பாடு எர்த் இணைப்பில் இருந்தது. இத்தரத்தில் ஒவ்வொரு சைகையும் இரு முனைகளுக்கும் பொதுவான ஓர் எர்த் கம்பியை ஒப்பிட்டே அளக்கப்படுவதால், இரு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தம் வேறுபட்டால் அவ்வேறுபாடும் சைகையுடன் கலந்துவிடும்.

இதற்கான தீர்வு தந்தித் துறையிடம் முன்னரே இருந்தது. 20 மில்லிஆம்பியர் மின்னோட்ட வளையம் எனப்படும் அம்முறையில், மின்னோட்டம் பாய்ந்தால் 1 என்றும் தடைப்பட்டால் 0 என்றும் கொள்ளப்படும். தொடர்சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதால், நீண்ட கம்பியின் மின்தடையை ஈடுசெய்ய மின்மூலத்தின் அழுத்தத்தை உயர்த்தினாலே போதும். ஒளியால் மட்டுமே சைகையைக் கடத்தும் ஒளிப்பிணைப்பியை இடையில் பொருத்தினால், இரு எர்த்துகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. செய்தி ஏதும் இல்லாத நேரத்திலும் வளையத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், கம்பி அறுந்தால் தொலைத்தட்டச்சு இயந்திரம் ஓயாமல் தடதடத்து அதைத் தானே அறிவித்துவிடும். பழுதை உடனே காட்டிக்கொடுக்கும் இந்த இயல்பு, பிற்காலத் தரங்கள் பலவற்றில் இல்லாத பெரும் நற்பண்பாகும். 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற தொலைத்தட்டச்சு இயந்திரம் வினாடிக்கு 10 எழுத்துகளை இம்முறையில் அனுப்பியது. 1978இல் வந்த விடி100 திரை முனையத்திலும் விரும்புவோர் இதைப் பொருத்திக்கொள்ள முடிந்தது.

திரை முனையங்களின் வேகம் வினாடிக்கு 9600 பிட்டாக உயர்ந்த காலத்தில், 1975ஆம் ஆண்டின் ஆர்.எஸ்-422 தரம் வேறொரு வழியைத் திறந்தது. எர்த்தை ஒப்பிடாமல், முறுக்கப்பட்ட இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே அது அளப்பதால், இரு கம்பிகளிலும் ஒருசேரப் புகும் இரைச்சல் நீங்கிவிடுகிறது. குறைந்த வேகங்களில் சுமார் 1200 மீட்டர் வரை அதனால் சைகையை அனுப்ப முடிந்தது. கம்பிகளை முறுக்கும் அந்த உத்திக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.