சங்கு குளிப்பவர் மகளும் கடல் படிப்பும்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. இயற்கை வளப் பாதுகாப்புதான் படிப்பேன் என்கிறாள். செலவழிப்பதற்கு ஏற்ற வருமானம் வருமா?
– சங்கு குளிக்கும் தகப்பன், திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: வெளியூர் அனுப்பும் கவலை வேண்டாம், அண்ணாச்சி. 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது, பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசுடையது.

வருமானம்தான் சிக்கல். பட்டம் வாங்கிய கையோடு கூப்பிடுவது இறால் பண்ணையும் ஏற்றுமதி நிறுவனமும். அது பாதுகாப்பு வேலையா என்று மகள்தான் சொல்ல வேண்டும்! பாதுகாப்புத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். முதுகலை முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இந்திய வனப்பணி ஆசை இருந்தால் பட்டப்படிப்பில் விலங்கியலோ தாவரவியலோ எடுக்கட்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100.

பாதுகாக்கும் வேலைக்கு மட்டும் உங்கள் ஊர்க் கடலில் பஞ்சமில்லை. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பே இல்லை. கரைந்துகொண்டிருந்த வான்தீவைக் காக்க, செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலடியில் இறக்க வேண்டியதாயிற்று.

முதலில் ஒன்று பாருங்கள்: மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறாளா?